கோட்டை பார்க்க வந்தவர்கள்

கிழக்குத் தாம்பரம்
10 ஜூன் 2024

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

அக்கா ஈவ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தானும் மகள் ஜோசலினும் தேவ கிருபையால் சுகம். அத்தானுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. நான் வாயை மூடினால் இறங்கும் என்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பல்லாவரம் வீட்டுப் பங்கு விஷயத்தில் நாம் போனில் கத்திக்கொண்ட பிறகு போதகர் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். "நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்கம்மா, எழுதுங்க" என்றார். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

உன் மகள் ஏஞ்சலுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஷெர்வின். நாவலூரில் ஐ.டி. வேலை, அங்கேயே சொந்த ஃபிளாட். அப்பா இல்லை, அம்மா மட்டும். வீடு ஏறி வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்குப் பிடிக்காதாம். பெண்ணுக்கே தெரியாமல் பொது இடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். கன்வென்ஷனிலும் கல்யாண வீட்டிலும் நாம் இப்படிப் பார்க்காத பெண்ணா?

எங்கள் சபைப் பெண்கள் சங்கம் ஜூலை 6 சனிக்கிழமை உங்கள் ஊருக்கு பஸ் போடுகிறது. அம்மாவையும் பையனையும் அதில் ஏற்றிவிடுகிறேன். கோட்டையில் வைத்துப் பார்க்கட்டும். டென்மார்க் ராஜாவும் தஞ்சாவூர் ராஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒப்பந்தம் போட்டுக் கட்டின கோட்டை. அங்கே பேசுகிற சம்பந்தம் நிலைக்கும்.

ஏஞ்சலிடம் மூச்சு விடாதே. சிங்காரிக்கவும் வேண்டாம், சந்தேகப்படுவாள். ஸ்கூல் முடிந்து அந்தச் சாம்பல் கலர் யூனிஃபார்ம் புடவையிலேயே வரட்டும். பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் டீயும் வடையும் அவள் கையால் கொண்டுவரச் சொல். வேலை செய்கிற பெண் என்று தெரியட்டும். ஜோசலினும் வருகிறாள். அவளுக்கு இப்போதைக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாமாம்.

உனக்காக ஜெபிக்கிற அக்கா,
ஈவ்லின்

தரங்கம்பாடி
19 ஜூன் 2024

பிரியமான அக்காவுக்கு,

தங்கை தபீதாள் வணக்கமாய் எழுதுவது. அத்தான் சர்க்கரைக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுங்கள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஊர் முழுக்க இங்கே ஓசோன் காற்று என்று பெருமை பேசுகிறார்கள். அது டூரிஸ்டுகளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது போல.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். நீங்கள் ஏஞ்சலை நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவளுக்கு இருபத்தொன்பது ஆகப் போகிறது. போன தடவை வந்தவர்கள் கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போதே "கலர் கம்மிதான்" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவள் காதில் அது விழுந்தது. "அம்மா, இன்னொரு தடவை என்னைத் தட்டு தூக்கச் சொன்னா நான் கடல்ல இறங்கிடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. அவள் முகத்தைப் பார்த்தேன்.

அதனால் அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதுதான் நல்லது. இது அமையாவிட்டாலும் அவள் மனது உடையாது. மயில்கழுத்துக் கலர் பட்டுப் புடவையை வெளியே எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடி பெட்டியில் வைத்துவிட்டேன்.

இதை மட்டும் முடித்துக் கொடுங்கள். பல்லாவரம் வீட்டைப் பற்றி இனி நான் வாயே திறக்கமாட்டேன். நான் கண்ணை மூடினால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை,
தபீதாள்

தரங்கம்பாடி
9 ஜூலை 2024

பிரியமான அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் அத்தனை நேரம் உட்கார்ந்து வந்தது உங்கள் இடுப்புக்கு ஒன்றும் செய்யவில்லையே?

ஏஞ்சல் இன்னும் ஒன்றும் அறியாள். டீ கேனைத் தூக்கிக்கொண்டு மேல்தளம் வரை ஏறி வந்தாளே, புடவையெல்லாம் டீ சிந்தி, வியர்த்து வழிந்து. எனக்கு ஓடிப்போய் முகத்தைத் துடைத்துவிட வேண்டும் போல் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது "அந்த நீலச் சட்டைக்காரர் ஒருத்தர்தாம்மா டீ வாங்கிட்டு தேங்க்ஸ் சொன்னாரு" என்றாள். அது ஷெர்வின்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்துகொண்டேன்.

ஜோசலின் பச்சைப் பட்டில் ராஜா வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள். பஸ்ஸில் வருவதற்குப் பட்டா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கோட்டைச் சுவர் மேல் ஷெர்வின் அம்மாவோடு அவளை நிற்க வைத்து நீங்கள் எடுத்த போட்டோக்களை அனுப்பச் சொல்லுங்கள். ஏஞ்சல் யார் போட்டோவிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். அந்த அம்மா என்னைத் தனியாகப் பீரங்கிப் பக்கம் அழைத்துப் போய் ஒன்று சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவளிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் முறை, எழுத்தில் வேண்டாம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் சொல்கிறவரை நம் பக்கத்திலிருந்து சரி என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

தங்கை,
தபீதாள்

நாவலூர்
14 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்களும் மகளும் நலமாய் இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் விலாசத்தை உங்கள் அக்காவிடம் வாங்கினேன். போனில் பேசத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன்.

அன்று கோட்டையில் சொன்னது எழுத்தில் வேண்டாம் என்றவள் நானே; இப்போது எழுதக் கை கூசுகிறது. ஷெர்வின் பூனாவில் இருந்தபோது ரிஜிஸ்டர் கல்யாணம் செய்தான். கோபம் வந்தால் அவனுக்குக் கை கட்டுப்படாது. அந்தப் பெண் அடி தாங்காமல் வருஷம் திரும்புவதற்குள் அவனை விட்டுப் போய்விட்டது. கோர்ட்டில் தீர்ந்துவிட்டது. இங்கே சபையில் யாருக்கும் தெரியாது. பெண்ணைப் பெற்றவளிடம் மறைத்தால் கர்த்தர் என்னைக் கேட்பார் என்றுதான் உங்களிடம் சொன்னேன்.

உங்கள் மகளுக்கு இதில் விருப்பம் இல்லையாம். கோட்டைக்கு வந்துபோன மறு வாரமே உங்கள் அக்கா போன் செய்து சொன்னார்கள். தன் மகளைப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் விலகினீர்கள் என்று புரிந்துகொண்டேன். குற்றம் சொல்லவில்லை. ஷெர்வினும் ஜோசலினுக்குச் சரி என்கிறான்.

இன்னொரு தாயிடம் இதை என் வாயால் சொல்ல எனக்குத் திராணி இல்லை அம்மா. கூடப் பிறந்தவர்கள் நீங்கள், நீங்களே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் நிச்சயத்துக்கு நாள் குறித்தால், தெரிந்தே சம்மதித்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தாழ்மையுடன்,
ஷெர்வின் தாயார்

கிழக்குத் தாம்பரம்
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாய் இருக்கிறாயா? ஒரு மாதமாய் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், ஒரே பேஜார்.

நாவலூர்க்காரர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. ஏஞ்சல் வேண்டாமாம். அவர்களாகவே ஜோசலினைக் கேட்கிறார்கள். நான் எவ்வளவோ மறுத்தேன். உன் அத்தானைக் கேட்டுப் பார். தேவ சித்தம் இப்படி இருக்கும்போது மனுஷி நான் என்ன செய்வது?

உன்னிடம் ஒளிக்க வேண்டாம் என்று சொல்கிறேன். "டீ கொண்டுவந்த பொண்ணு யாரு, ஹாஸ்டல் பிள்ளையா?" என்று அந்தப் பையன் கேட்டானாம். ஏஞ்சல் கொஞ்சம் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கலாம். இதை அவளிடம் சொல்லாதே.

அவளை நான் மறக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். ஏஞ்சல் பொறுமைசாலி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். யோசித்து எழுது.

அக்டோபர் 12 நிச்சயம். ஜனவரியில் கல்யாணம்.

அன்புடன்,
ஈவ்லின்

தரங்கம்பாடி
31 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாய் இருக்க வேண்டும். ஜோசலினுக்கு நல்ல இடம் அமைந்ததில் சந்தோஷம். என் வயிற்றில் பிறக்காவிட்டாலும் அவளும் எனக்குப் பிள்ளைதான்.

ஊரப்பாக்கத்து இடம் எங்களுக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோட்டையில் அந்த அம்மா என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னார்கள் என்று அப்போதே எழுதினேன். அது என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும் என்றால் ஒரு வரி எழுதுங்கள், சொல்கிறேன்.

தபீதாள்

கிழக்குத் தாம்பரம்
9 செப்டம்பர் 2024

தபீதாளுக்கு,

நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய். படித்தால் அப்படித் தெரியவில்லை. வயிற்றெரிச்சல்காரிக்கு எங்கே சுகம்?

பெண்ணுக்கு அம்மா நான் இருக்க உன்னிடம் என்ன ரகசியம்? எல்லாம் பேசியாகிவிட்டது. சம்பளம், ஃபிளாட், சபை எல்லாம் விசாரித்துவிட்டோம். நீ எதையாவது கிளப்பி நடக்கிற காரியத்தில் கல்லைத் தூக்கிப் போடலாம் என்று பார்க்கிறாய். சின்ன வயதிலிருந்தே என் தட்டில் இருப்பதுதான் உனக்குக் கண்ணில் படும். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். இதைப் பற்றி இன்னொரு வரி எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நிச்சயத்துக்கு நீ வா. வராவிட்டால் சபையில் பேசுவார்கள். ஏஞ்சலை அழைத்து வராதே. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன பெண்ணை முன்னால் நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சங்கடம். நமக்குத் திருஷ்டியில் எல்லாம் நம்பிக்கை கிடையாதுதான். ஆனாலும் என் மகள் மேல் யார் பெருமூச்சும் விழ வேண்டாம்.

ஈவ்லின்

கிழக்குத் தாம்பரம்
22 செப்டம்பர் 2024

அன்பான சித்திக்கு,

ஜோசலின் எழுதுகிறேன். எப்படி இருக்கீங்க? ஏஞ்சல் என் மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை. என்மேல் கோபமா? அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டச் சொன்னது அம்மா. ஏஞ்சலைப் பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். சத்தியமாக.

அம்மா என் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம். பதிலை இதில் எழுதியிருக்கும் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புங்கள்.

போன வாரம் ஷெர்வினோடு வெளியே போயிருந்தேன். அன்று பகல் ஆபீஸில் மீட்டிங், அவர் போனில் கூப்பிட்டதை எடுக்கவில்லை. கார் பார்க்கிங்கில் என் கையைப் பிடித்தார். சும்மா பிடிக்கவில்லை சித்தி. கண்ணாடி வளையல் உடைந்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நான் பெரிதுபடுத்துகிறேனா? அம்மாவிடம் சொன்னால் "ஆம்பளன்னா கொஞ்சம் உரிமை எடுத்துக்கத்தான் செய்வான்" என்கிறார்கள்.

கோட்டையில் அவர் அம்மா உங்களோடு ரொம்ப நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை மேலிருந்து பார்த்தேன். அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நிச்சயத்தன்று சபை நடுவில் எழுந்து முடியாது என்று சொல்லிவிடுவேன். எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறது. காரணம்தான் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜோ

தரங்கம்பாடி
7 அக்டோபர் 2024

அன்பு மகள் ஜோசலினுக்கு,

சித்தி ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுதலாம் என்று உட்காருவேன், ஏதாவது வேலை வந்துவிடும். ஏஞ்சலுக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளுக்குக் கோபப்படவே தெரியாது. அந்தக் குறையால்தான் இப்படி நிற்கிறாள்.

கோட்டையில் அந்த அம்மா என்ன பேசினார்கள் என்று கேட்டிருக்கிறாய். நல்ல குடும்பம். மனதில் இருப்பதை ஒளிக்காமல் பேசுகிற அம்மா. மகன்மேல் உயிராய் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பயம் வரும். வளையல் உடைந்ததற்கெல்லாம் கல்யாணத்தை நிறுத்துவார்களா?

உன் அம்மா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நீ தைரியமாகக் கழுத்தை நீட்டு.

முழங்கால் வலி இருப்பதால் நிச்சயத்துக்கு வர முடியவில்லை. மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சித்தி

கிழக்குத் தாம்பரம்
16 மார்ச் 2025

தங்கை தபீதாளுக்கு,

சுகமா? கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமலே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள். போகட்டும். இரண்டு வகை பிரியாணி போட்டிருந்தோம், நஷ்டம் உனக்குத்தான்.

ஜோசலின் ராணி மாதிரி இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டாள். அவர் விட்டுவிடச் சொன்னாராம். எவ்வளவு பிரியம் பார். போனில் முன்போலப் பேசுவதில்லை. கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்கிறார். சந்தோஷமாய் இருக்கிறவர்களுக்கு அம்மா ஞாபகம் எங்கே வரும்?

ஏஞ்சலுக்கு ஏதாவது வந்ததா? முப்பது ஆகப் போகிறதே.

ஈவ்லின்

கிழக்குத் தாம்பரம்
24 மே 2025

அன்பான சித்திக்கு,

எப்படி இருக்கீங்க? கால் வலி குறைந்ததா? நான் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் போன் அவரிடம் இருக்கிறது.

என்ன நடந்தது என்று விவரமாக எழுத முடியவில்லை. இடது காதில் சவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம் என்கிறார்கள். ராத்திரி முழுக்க அந்தக் காதுக்குள் இரைச்சல்.

அவர் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார்கள். பூனாவில் ஒரு பெண் இருந்தாளாம். "உங்க சித்திகிட்ட கோட்டையிலயே எல்லாம் சொன்னேனே, லெட்டரும் போட்டேனே. தெரிஞ்சுதானே உங்க வீட்ல குடுத்தாங்க?" என்றார்கள். பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான் கேட்டபோது சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்களே ஒரு முறை எழுதிவிடுங்கள். உங்களுக்கு நான் எழுதிக் கேட்டதை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

காது ஆறியதும் நாவலூருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்கிறார்கள் அம்மா. "கல்யாணமாகி அஞ்சு மாசத்துல வந்து நின்னா சபையில நான் எப்படித் தலை காட்டுவேன்?" என்கிறார்கள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சித்திக்கு மட்டும் தெரியக் கூடாது, கைகொட்டிச் சிரிப்பாள் என்று அம்மா சொல்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை.

நான் அங்கே வரட்டுமா? ஏஞ்சலோடு ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். ஏதாவது ஸ்கூலில் வேலை தேடிக்கொள்கிறேன். திரும்பிப் போனால் இந்தக் காதோடு நிற்காது சித்தி. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜோ

தரங்கம்பாடி
2 ஜூன் 2025

அன்பு மகள் ஜோசலினுக்கு,

சித்தி ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏஞ்சல் படித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று கோட்டையில் காற்று அதிகம், அலைச் சத்தம் வேறு. அந்த அம்மா பீரங்கிப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசுகிறார்களே என்று தலையை ஆட்டி வைத்தேன். அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை.

இங்கே வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இது உன் வீடு. வேறு சமயமாக இருந்தால் நானே வந்து உன்னை அழைத்து வந்திருப்பேன். ஆனால் ஏஞ்சலுக்கு மயிலாடுதுறையில் ஒரு இடம் கூடி வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறார்கள். நல்ல மனிதர்கள், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனை விட்டு வந்த பெண் வீட்டில் இருந்தால் என்ன ஏது என்று துருவுவார்கள். குடும்பத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல, அது ஒன்பதாகும். "ஜோ வரட்டும்மா, எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று ஏஞ்சல் சண்டை போடுகிறாள். அவளுக்கு உலகம் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகையால் இப்போது வராதே. ஏஞ்சலுக்குக் கல்யாணம் ஆகி, அவள் அங்கே காலூன்றுகிற வரைக்கும் வராதே. அதுவரை அம்மா சொல்வதைக் கேட்டு நட. பெற்றவள் உனக்குக் கெடுதல் நினைப்பாளா?

மருந்தை வேளாவேளைக்குப் போடு. குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்துக்கொள்.

உன்மேல் பிரியமுள்ள சித்தி,
தபீதாள்